நீச்சல் குள வடிகட்டி அமைப்பில் காற்றுக் கசிவு

நீச்சல் குள வடிகட்டி அமைப்பில் காற்றுக் கசிவு என்பது, குளத்து நீரை உறிஞ்சித் தூய்மை செய்து மீண்டும் குளத்திற்கே அனுப்பும் குழாய்த் தொகுதிக்குள் வெளிக்காற்று நுழைவதால் ஏற்படும் பழுது ஆகும். இது பெரும்பாலும் பம்பிற்கு முன்னுள்ள உறிஞ்சு பக்கத்திலேயே நிகழ்கிறது. வழக்கமான நீர்க் கசிவில் குழாயிலிருந்து நீர் வெளியே சொட்டும். காற்றுக் கசிவில் அவ்வாறு எதுவும் சொட்டுவதில்லை. பம்பு ஓடும் வரை பழுதுள்ள இடம் உலர்ந்தே காணப்படும். ஈரத்தைத் தேடுபவருக்கு இக்கசிவு அகப்படாமல் போவதற்கு இதுவே காரணம்.

இப்பழுது நீச்சல் குளங்களுக்கு மட்டும் உரியதன்று. கிணற்று நீரை இறைக்கும் பம்புசெட்டுகளிலும் இதுவே ஏற்படுகிறது. தமிழக உழவர்கள் இதை "மோட்டார் காற்று வாங்குகிறது" என்பர். நிகழ்வதை அப்படியே சொல்லும் பெயர் இது. வீட்டு நீச்சல் குளங்கள் அண்மைக் காலத்தில் பெருகிய ஓசூர், கிருட்டிணகிரி வட்டாரத்தில் இவ்விரு வகைப் பம்புகளும் அருகருகே இயங்குகின்றன.

அமைப்பு

வீட்டு நீச்சல் குளம் ஒன்றின் வடிகட்டி அமைப்பில் நீர் ஒரு சுற்றாக ஓடுகிறது. குளத்தின் மேற்பரப்பு நீர், சுவரில் பதித்த ஸ்கிம்மர் எனும் வாயின் வழியாகவும், அடிநீர் குளத்தின் தரையில் உள்ள வடிகால் வழியாகவும் உறிஞ்சப்படுகிறது. தரையைத் துப்புரவு செய்யும் குழலை மாட்டுவதற்கென மூன்றாவது குழாய் ஒன்றும் இருப்பதுண்டு. இவை ஒவ்வொன்றும் தனித்தனி வால்வு வழியாக வந்து ஒன்றுசேர்ந்து பம்பை அடைகின்றன. பம்பின் முகப்பில், தலைமுடி, இலை முதலியவற்றைப் பிடிக்கும் கூடை ஒன்று கண்ணாடி போன்ற மூடியின் கீழ் உள்ளது. பம்பைக் கடந்த நீர் மணல் வடிகட்டி அல்லது கார்ட்ரிட்ஜ் வடிகட்டியுள் அழுத்தத்துடன் புகுந்து, தூய்மையடைந்து, சுவரிலுள்ள திரும்பு வாய்கள் வழியாகக் குளத்தை அடைகிறது.

விளிம்பு வரை நீர் நிரம்பி வழியும் வகைக் குளங்களில் ஸ்கிம்மர் இராது. வழியும் நீர் ஒரு சமநிலைத் தொட்டியில் சேர்ந்து, அங்கிருந்து பம்பிற்குச் செல்லும்.

பம்பின் சுழலியே இச்சுற்றை இரண்டாகப் பிரிக்கிறது. அதற்கு முன்னுள்ள பகுதியில், பம்பு ஓடும்போது அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்திருக்கும். பின்னுள்ள பகுதியில் கூடியிருக்கும். பின்பகுதியில் ஓட்டை விழுந்தால் நீர் வெளியேறும். முன்பகுதியில் ஓட்டை விழுந்தால் காற்று உள்ளேறும். பழுது தேடுபவர் மனத்தில் கொள்ள வேண்டிய முதற் செய்தி இதுவே. திரும்பு வாய்களில் குமிழ்கள் வருவதைக் கண்டு, அவ்வாய்களுக்கு அருகிலுள்ள குழாயைத் தோண்டிப் பார்ப்பது வீண் வேலையாகும். குமிழ் வெளிப்படும் இடம் வேறு, அது புகும் இடம் வேறு.

காற்று நுழைவதன் இயற்பியல்

பம்பு நீரை இழுப்பதாகச் சொல்வது வழக்கு. உண்மையில் பம்பு செய்வது குழாயினுள் அழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே. நீரைக் குழாயினுள் தள்ளுவது குளத்தின் மேல் அழுந்தி நிற்கும் வளிமண்டலம். குழாயில் வேறொரு திறப்பு இருந்தால் அதே வளிமண்டலம் அவ்வழியே காற்றையும் தள்ளும்.

இவ்வுண்மை அறியப்பட்டதே ஒரு பம்பின் குறைபாட்டினால்தான். உறிஞ்சு பம்பு ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் நீரை ஏற்றுவதில்லை என்பதைக் கலிலியோ 1638 இல் வெளியான தமது நூலில் குறிப்பிட்டார். அவருடைய மாணவர் டாரிசெல்லி 1640களில் பாதரசத்தைக் கொண்டு ஆய்ந்து, நீரைத் தாங்கி நிற்பது வெளியிலுள்ள காற்றின் எடையே என விளக்கினார். அவ்வாறாயின் உயரமான இடத்தில் காற்றின் எடை குறைய வேண்டும் எனக் கருதிய பிரான்சு நாட்டு அறிஞர் பாசுக்கல், 1648 இல் தம் மைத்துனர் பெரியே என்பவரைப் பியூய் டி டோம் மலை மீது பாதரசக் குழாயுடன் ஏறச் செய்தார். மலையடிவாரத்தைவிட உச்சியில் பாதரச மட்டம் ஏறத்தாழ 8 செண்டிமீட்டர் தாழ்ந்திருந்தது.

சென்னைக்கும் ஓசூருக்கும் இடையே உள்ள வேறுபாடும் இதற்கு மிக அண்மையானதே. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்தில், மைசூர் மேட்டுநிலத்தின் விளிம்பில் உள்ளது. இவ்வுயரத்தில் வளிமண்டல அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அதாவது 101 கிலோபாசுக்கலுக்கு மாற்றாக ஏறத்தாழ 91 கிலோபாசுக்கல். பாதரச அளவில் இது 7 முதல் 8 செண்டிமீட்டர் குறைவு. நீரின் அளவில் சொல்வதாயின், கடற்கரையில் 10.3 மீட்டராக உள்ள கோட்பாட்டு உறிஞ்சு உயரம் ஓசூரில் 9.3 மீட்டராகக் குறைகிறது. மலைச்சரிவில் இறங்கி 500 மீட்டர் உயரத்திலுள்ள கிருட்டிணகிரி நகருக்கு வந்தால் இது 9.7 மீட்டராகும். குழாய் உராய்வு, நீராவி அழுத்தம் ஆகியவற்றால் ஏற்படும் இழப்புகளைக் கழித்தால் நடைமுறையில் கிடைப்பது இவற்றைவிட மிகக் குறைவு.

உயரம் கூடுவதால் கசிவு வழியே காற்று விரைந்து புகுவதில்லை. உள்ளும் புறமும் உள்ள அழுத்த வேறுபாட்டைக் குழாயின் உராய்வும் ஏற்ற உயரமுமே முடிவு செய்கின்றன. உயரத்தினால் குறைவது பழுதைத் தாங்கும் இருப்பு. கடற்கரையில் சிறு கசிவுடன் ஒருவாறு ஓடிக்கொண்டிருக்கும் பம்பு, அதே கசிவுடன் ஓசூரில் நீர்ப் பிடிப்பை இழந்துவிடக்கூடும். பம்பின் கையேட்டில் தரப்படும் உறிஞ்சு உயரங்கள் பொதுவாகக் கடல் மட்டத்திற்கு உரியவை என்பதால், இங்கு அவற்றில் பத்து விழுக்காட்டைக் கழித்துக் கொள்வது தகும். வெற்றிட அளவியைப் பொருத்துவோரும், முழு வெற்றிடத்தில்கூட இங்கு முள் 30 அங்குலப் பாதரசத்தைத் தொடாது, 27 அங்குல அளவிலேயே நிற்கும் என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

நீர் சொட்டாத இணைப்பு காற்றை எவ்வாறு விடும் என்பது பலருக்கும் எழும் ஐயம். காற்றின் பாகுநிலை நீரின் பாகுநிலையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே. ஆகையால் மயிரிழை போன்ற ஒரே இடுக்கில், ஒரே அழுத்த வேறுபாட்டில், நீரைவிட ஐம்பது மடங்கு கன அளவு காற்று செல்லும். மேலும் மிக நுண்ணிய இடுக்குகளில் நீரைப் பரப்பு இழுவிசை தடுத்து நிறுத்திவிடும். எனவே பம்பை நிறுத்தி, குழாயில் நீரை நிரப்பி, ஈரம் இல்லை என்று கண்டு "இணைப்பு நன்றாக உள்ளது" என முடிவு செய்தல் தவறாக முடியலாம்.

புகுந்த காற்று ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது? மையவிலக்குப் பம்பு தன்னுள் இருக்கும் பாய்மத்தைச் சுழற்றி வீசுவதால் அழுத்தத்தை உண்டாக்குகிறது. அவ்வழுத்தம் பாய்மத்தின் அடர்த்தியைப் பொறுத்தது. நீர் காற்றைவிட 800 மடங்குக்கு மேல் அடர்த்தி மிக்கது. நீர் நிரம்பிய நிலையில் 12 மீட்டர் உயரத்திற்கு நீரைத் தள்ளும் பம்பு, காற்று மட்டும் நிரம்பிய நிலையில் உண்டாக்கும் அழுத்தம் ஒன்றரை செண்டிமீட்டர் நீரைக்கூடத் தூக்காது. முதலில் நீர் ஊற்றி நிரப்பும் பிரைமிங் எனும் செயல் இதற்காகவே செய்யப்படுகிறது. நீச்சல் குளப் பம்புகள் பெரும்பாலும் தாமே காற்றை வெளியேற்றிக் கொள்ளும் வகையின. அவற்றிற்கும் கூடைக் கலத்தில் நீர் இருந்தாக வேண்டும், கசிவு வழியே புகும் காற்று அவை வெளியேற்றும் காற்றைவிடக் குறைவாக இருந்தாக வேண்டும்.

ஓசூர், கிருட்டிணகிரி வட்டாரத்தில்

தருமபுரி மாவட்டத்திலிருந்து 2004 இல் பிரிக்கப்பட்ட கிருட்டிணகிரி மாவட்டம், கருநாடக எல்லையை ஒட்டியது. அசோக் லேலண்டு, டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் முதலிய நிறுவனங்களின் ஆலைகள் அமைந்த ஓசூர், 2019 இல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. பெங்களூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், தனி வீட்டுத் தொகுதிகளும் அடுக்ககங்களும் நெடுஞ்சாலையை ஒட்டிப் பெருகின. அவற்றுடன் சிறு நீச்சல் குளங்களும் வந்தன.

ஆனால் இங்கு உறிஞ்சு குழாய்ப் பழுதின் வரலாறு நீச்சல் குளங்களைவிடப் பழைமையானது. பாறை நிலத்தில் தோண்டிய திறந்த கிணறுகளில், நீர் மட்டம் தாழத் தாழ, கிணற்றின் உட்சுவரில் மேடை அமைத்துப் பம்பைக் கீழே இறக்கி வைத்தனர். கரையில் நின்ற பம்பிற்கு எட்டாத நீர், உள்ளே இறக்கிய பம்பிற்கு எட்டும். டாரிசெல்லி கண்ட எல்லையை உழவர்கள் இவ்வாறு சமாளித்தனர். காற்று வாங்கும் இணைப்பின் மேல் பழைய சைக்கிள் டியூப் பட்டையை இறுக்கிச் சுற்றுவதும் அவர்கள் கைமுறையே. இது உறிஞ்சு பக்கத்தில் வேலை செய்வதற்குக் காரணம் உண்டு. வெளிக்காற்றே இரப்பரை இடுக்கினுள் அழுத்திப் பிடிக்கிறது. அழுத்தப் பக்கத்தில் அதே பட்டையை நீர் வெளியே தள்ளிவிடும். நீச்சல் குளக் குழாயிலும், உரிய பாகம் வந்து சேரும் வரை இதனைத் தற்காலிகமாகச் செய்யலாம். ஓசூர்ப் பகுதியின் உரோசாப் பசுமைக்குடில்களில் சொட்டுநீர்ப் பாசனத்திற்குப் பயன்படும் மணல் வடிகட்டிகளும் நீச்சல் குள மணல் வடிகட்டியின் உடன்பிறப்புகளே. இங்கு விளக்கப்படுவன அவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

வட்டார நீரின் இயல்பும் பழுதுக்குத் துணை செய்கிறது. கடின பாறையில் துளைத்த ஆழ்துளைக் கிணறுகளின் நீர் பல இடங்களில் கடினத் தன்மை மிக்கது. இந்நீர் கூடை மூடியின் விளிம்பிலும் இரப்பர் வளையத்தின் பள்ளத்திலும் வெண்ணிறச் சுண்ணப் படிவை விடுகிறது. வளையம் புதிதாக இருந்தாலும், அது அமரும் பள்ளம் சொரசொரப்பாக இருந்தால் காற்று புகும். பள்ளத்தைச் சுரண்டாமல், நீர் கலந்த வினிகரில் நனைத்த துணியால் துடைத்துப் படிவைக் கரைப்பதே நல்லது.

அறிகுறிகள்

பம்பின் கண்ணாடி மூடியின் வழியே பார்க்கையில் கூடைக் கலம் முழுதும் நீரால் நிரம்பி, அசைவற்றது போல் தெளிவாக இருத்தல் வேண்டும். காற்றுக் கசிவு உள்ளபோது மூடியின் கீழ் ஒரு காற்றுப் பை நிலையாக நிற்கும். அல்லது நீர் நுரைத்துக் கொதிப்பது போல் தோன்றும். திரும்பு வாய்களிலிருந்து குமிழ்கள் வெளிப்படும். வடிகட்டியின் அழுத்த அளவியில் முள் வழக்கத்தைவிடத் தாழ்ந்து, நில்லாமல் ஆடும். பம்பை நிறுத்தியவுடன் குழாயில் நீர் குளத்தை நோக்கிப் பின்வாங்குவதும், அடுத்த முறை இயக்கும்போது நீர் ஏற நெடுநேரம் ஆவதும் பம்பு நீர் மட்டத்திற்கு மேலே உள்ள அமைப்புகளில் காணப்படும். பம்பு நீர் மட்டத்திற்குக் கீழே, நிலவறையில் இருந்தால், நிறுத்திய பின் பழுதுள்ள இணைப்பில் நீர் கசியத் தொடங்கும். இது ஒரு நல்வாய்ப்பு. பழுது தன்னைத் தானே காட்டிக் கொடுக்கிறது.

வடிகட்டியைக் கழுவிய பின்னரோ கூடையைத் திறந்து மூடிய பின்னரோ முதல் சில நிமிடங்கள் குமிழ் வருவது இயல்பே. அது தொடர்ந்தால்தான் பழுது.

கசிவு எனத் தவறாகக் கருதப்படுபவை

உறிஞ்சு வழியில் அடைப்பு ஏற்பட்டாலும் பம்பு முறையாக இயங்காது. கூடையில் இலை நிரம்புதல், சுழலியில் முடி சிக்குதல், வால்வு பாதி மூடியிருத்தல் ஆகியவை அடைப்பிற்குக் காரணம். அப்போது அழுத்தம் மிகக் குறைந்து நீரே ஆவிக் குமிழ்களாக மாறி, மீண்டும் நொறுங்கும். பம்பினுள் கூழாங்கற்கள் உருள்வது போன்ற ஒலி கேட்கும். இதையும் காற்றுக் கசிவையும் பிரித்தறிய வெற்றிட அளவியே சிறந்த கருவி. அடைப்பு எனில் வெற்றிடம் வழக்கத்தைவிடக் கூடியிருக்கும். காற்றுக் கசிவு எனில் குறைந்திருக்கும். பம்பின் உறிஞ்சு பக்க வடிகால் திருகு உள்ள துளையில் இவ்வளவியைப் பொருத்தலாம். அமைப்பு நல்ல நிலையில் இருக்கும்போதே ஒருமுறை அளந்து சுவரில் எழுதி வைத்தால், பிற்பாடு அவ்வெண் பெரிதும் உதவும்.

உப்பிலிருந்து குளோரின் உண்டாக்கும் மின்பகு கருவி பொருத்திய குளங்களில், கருவி இயங்கும்போது ஐதரசன் நுண்குமிழ்கள் வெண்புகை போலத் திரும்பு வாயில் வெளிப்படும். கருவியை மட்டும் நிறுத்திப் பார்த்தால் இது தெளிவாகும். பாசிக்கொல்லி மருந்துகளால் மேற்பரப்பில் தோன்றும் நுரையும் காற்றுக் கசிவன்று.

கண்டறிதல்

எளிதானதிலிருந்து அரிதானதை நோக்கிச் செல்வதே முறை. முதலில் காண வேண்டியது குளத்தின் நீர் மட்டம். ஸ்கிம்மர் வாயின் நடு உயரத்திற்கு நீர் நிற்க வேண்டும். ஓசூர் வட்டாரத்தில் சனவரி முதல் மார்ச்சு வரை மழை மிகக் குறைவு. வெயில் ஏறும்போது நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியானாலும் பத்து நாளில் 5 செண்டிமீட்டர் குறைந்துவிடும். மட்டம் தாழ்ந்தால் ஸ்கிம்மரில் சுழி உண்டாகி, அதன் நடுவே காற்று இறங்கும். அப்போது குழாயில் பழுது ஏதும் இராது. நீர் விட்டாலே போதும். ஸ்கிம்மரின் மிதவைக் கதவு சிக்கிக்கொண்டாலும், சமநிலைத் தொட்டியில் நீர் குறைந்தாலும் இதுவே நிகழும். இதைப் பாராமல் பம்பைப் பிரித்தவர்கள் பலர்.

அடுத்து, பம்பு ஓடும்போது வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிப் பார்க்க வேண்டும். ஸ்கிம்மர் குழாயை மூடியதும் குமிழ்கள் நின்றால் பழுது அக்குழாயில் உள்ளது. எதை மூடினாலும் நிற்கவில்லையெனில் வால்வுகளுக்கும் பம்பிற்கும் இடைப்பட்ட சிறு பகுதியில் உள்ளது. நடைமுறையில் பெரும்பாலான கசிவுகள் இங்குதான் அகப்படுகின்றன. எல்லா வால்வுகளையும் ஒருசேர மூடி பம்பை ஓடவிடுதல் கூடாது.

இச்சோதனையின்போது குளத்தில் ஒருவரும் இருத்தல் ஆகாது. மற்ற வழிகளை மூடினால் பம்பின் முழு உறிஞ்சு விசையும் ஒரே அடி வடிகாலில் குவியும். வடிகாலின் மூடி உடைந்திருந்தாலோ தட்டையாக இருந்தாலோ ஒரு குழந்தையின் உடலையோ தலைமுடியையோ அது பற்றிக் கொள்ளும். பெரியவராலும் இழுத்து விடுவிக்க இயலாமல் போகும். அமெரிக்காவில் 2002 இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இவ்வாறு இறந்ததன் விளைவாக, வடிகால் மூடிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் அச்சிறுமியின் பெயரிலேயே 2007 இல் இயற்றப்பட்டது.

எப்பகுதி எனத் தெரிந்த பின் இணைப்பைக் கண்டறிய வேண்டும். பம்பு ஓடும்போது ஒவ்வோர் இணைப்பின் மீதும் சவர நுரையையோ கெட்டியான சோப்பு நுரையையோ பூசினால், கசிவுள்ள இடத்தில் நுரை உள்ளே இழுபட்டுக் குழி விழும். இணைப்பைச் சுற்றி நீரை ஊற்றிக்கொண்டே கண்ணாடி மூடியைப் பார்ப்பது இன்னும் எளிது. ஊற்றும்போது காற்றுக்கு மாற்றாக நீர் புகுவதால் குமிழ்கள் சற்று நிற்கும். இவ்விரு சோதனைகளிலும் மின்னோடியின் மீதும் மின்னிணைப்புப் பெட்டியின் மீதும் நீர் படாதவாறு காத்தல் வேண்டும். காற்றோட்டம் இல்லாத பம்பு அறையில், எரியும் ஊதுபத்தியை இணைப்பின் அருகே பிடித்தால் புகை உள்நோக்கி வளைவதைக் காணலாம். ஆனால் குளோரின் மருந்துகளும் அமிலமும் அதே அறையில் வைக்கப்பட்டிருந்தால் தீப்பொறியைக் கொண்டுசெல்லலாகாது.

மண்ணுக்கடியில் உள்ள குழாயில் இம்முறைகள் பயன்படா. அதற்கு, குழாயின் குளத்து முனையை இரப்பர் அடைப்பானால் மூடி, பம்பு முனையிலிருந்து நீரைச் செலுத்தி, சிறு அழுத்தத்தில் நிறுத்தி, அளவியின் முள் இறங்குகிறதா எனப் பார்க்க வேண்டும். காற்றைச் செலுத்திச் சோதிப்பது வசதியாகத் தோன்றினும், அடைப்பான் கழன்றால் அது எறிபொருளாகப் பாயும் என்பதால் நீரே ஏற்றது.

பழுது ஏற்படும் இடங்களும் சீர்செய்தலும்

கூடை மூடியின் கீழுள்ள ஓ-ரிங் எனும் இரப்பர் வளையமே மிகுதியாகப் பழுதாகும் பாகம். அது தட்டையாகி, வெடித்து, அல்லது ஒரு மணல் துகள் ஒட்டிக்கொண்டு காற்றை விடும். வளையத்தைக் கழற்றித் துடைத்து, விரலிடையே வளைத்து வெடிப்பு உள்ளதா எனப் பார்த்து, சிலிக்கோன் பசையை மெல்லிதாகப் பூசி மாட்ட வேண்டும். வாகனத் தொழில் நிறைந்த ஊரில் கைக்கு எட்டுவது வாகன கிரீஸ்தான். ஆனால் அது பெட்ரோலிய வழிப் பொருள். நீச்சல் குளப் பாகங்களில் பரவலாக உள்ள இ.பி.டி.எம். வகை இரப்பர் அதனால் உப்பி நெகிழ்ந்துவிடும். கூடைக் கலத்தின் அடியிலுள்ள வடிகால் திருகின் சிறு வளையத்தைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

இதற்கடுத்து, பம்பின் வாயில் திருகியுள்ள பி.வி.சி. மறையிணைப்பு. இங்கு ஒரு தீய சுற்று நிகழ்வதுண்டு. சிறு கசிவினால் பம்பு நீரின்றி ஓடுகிறது, உள்ளே எஞ்சிய நீர் சூடேறுகிறது, அவ்வெப்பத்தில் பி.வி.சி. மறை இளகிச் சுருங்குகிறது, கசிவு பெரிதாகிறது. மூல காரணமான மூடி வளையத்தை மாற்றிய பின்னும் பழுது நீங்காமல் இருப்பதற்கு இதுவே காரணமாகலாம். இளகிய மறையை மேலும் இறுக்குவதால் பயனில்லை. அதனை வெட்டி நீக்கிப் புதிது பொருத்த வேண்டும். புது மறையின் மீது டெஃப்லான் பட்டையைத் திருகும் திசையிலேயே சுற்றிக் கையால் இறுக்கி, பின் கருவியால் சிறிதளவே திருகுதல் வேண்டும். மிகையாக இறுக்கினால் பம்பின் உடலே வெடிக்கும்.

வால்வுத் தண்டின் வளையங்கள், யூனியன் இணைப்பின் வளையம், பம்பின் மெக்கானிக்கல் சீல் ஆகியனவும் ஆய்வுக்குரியவை. சீல் பழுதானால் பெரும்பாலும் பம்பிற்கும் மின்னோடிக்கும் இடையே நீர் சொட்டும். வெயிலில் கிடக்கும் குழாய்களில் ஒட்டிய இணைப்புகள் விலகுவதுண்டு. 10 மீட்டர் நீளப் பி.வி.சி. குழாய், 20 பாகை செல்சியசு வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டர் நீளும். நாள்தோறும் நீண்டு சுருங்கும் குழாய் தன் வளைவுகளை அசைத்துக்கொண்டே இருக்கிறது. குழாய்க்கு நிழலும் தாங்கிகளும் அமைத்தல் இதற்குத் தீர்வு. விலகிய ஒட்டிணைப்பின் மேல் வெளியிலிருந்து குழாய்ப் பசையைத் தடவுவது நிலைக்காது. அப்பசை இரு பரப்புகளைக் கரைத்து ஒன்றாக்கும் பொருளேயன்றி இடுக்கை நிரப்பும் பொருளன்று. வெட்டிப் புது இணைப்பு ஒட்டுவதே முறை. உடனடித் தேவைக்கு எப்பாக்சி பிசைமம் பயன்படும்.

அடைபட்ட காற்றின் இடர்

காற்றுக் கசிவினால் குளத்து நீர் கலங்குவதும், குளோரின் சீராகப் பரவாமல் பாசி பிடிப்பதும், பம்பு கெடுவதும் தொல்லைகள். உயிருக்கு இடர் விளைவிப்பது வேறொன்று. உறிஞ்சு பக்கம் புகுந்த காற்று, பம்பைக் கடந்து வடிகட்டிக் கலத்தின் மேற்பகுதியில் சேர்ந்து அழுத்தப்படுகிறது. நீர் ஏறக்குறைய அழுங்காத பொருள். கலம் திறந்தால் அதன் அழுத்தம் நொடியில் மறையும். அழுத்தப்பட்ட காற்றோ சுருள்வில் போன்றது. விடுபடும்போது விரிந்துகொண்டே தள்ளும்.

45 செண்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் பரப்பு ஏறத்தாழ 1,590 சதுர செண்டிமீட்டர். அளவி சதுர செண்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் எனக் காட்டும்போது, அம்மூடியை மேல்நோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ 1,600 கிலோகிராம் எடைக்குச் சமம். ஒரு நடுத்தரக் காரின் எடையைவிட இது கூடுதல். வளையப்பட்டையால் இறுக்கப்படும் மூடியுடைய வடிகட்டிகளில், பட்டை சரியாக அமராத நிலையில் பம்பை இயக்கினால், மூடி பறந்து அருகில் குனிந்திருப்பவரைத் தாக்கும். வெளிநாடுகளில் இவ்வாறு உயிரிழப்புகளும் நேர்ந்துள்ளன. வடிகட்டிக் கலங்களின் மீது எச்சரிக்கைச் சீட்டு ஒட்டப்பட்டிருப்பது இதற்காகவே.

ஆகையால் எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன் பம்பின் மின்னிணைப்பை முதன்மைச் சாவியிலேயே துண்டிக்க வேண்டும். தானியங்கி நேரக்கருவி உள்ள இடங்களில் பம்பு எதிர்பாராமல் ஓடத் தொடங்கும் என்பதால் கருவியை மட்டும் நிறுத்துதல் போதாது. பின்னர் கலத்தின் உச்சியிலுள்ள காற்றுப் போக்கி வால்வைத் திறந்து, அளவியின் முள் சுழியத்தை அடையும் வரை காத்திருக்க வேண்டும். மல்டிபோர்ட் வால்வின் கைப்பிடியையும் பம்பு ஓடும்போது திருப்புதல் கூடாது.

பழுது நீக்கிய பின் மீண்டும் இயக்கும்போது, கூடைக் கலத்தில் நீர் நிரப்பி மூடியை இறுக்கி, உறிஞ்சு பக்க வால்வுகளையும் திரும்பு பக்க வால்வையும் திறந்து, காற்றுப் போக்கியைத் திறந்தே வைத்து, வடிகட்டியிலிருந்து விலகி நின்று பம்பை இயக்க வேண்டும். முதலில் சீறலுடன் காற்று வெளிப்படும்; பின் காற்றும் நீரும் கலந்து வரும்; இடைவிடாத நீர்த்தாரை வந்த பிறகு வால்வை மூடலாம். சில நிமிடங்களுக்குள் கூடைக் கலத்தில் நீர் ஏறவில்லையெனில் பம்பை நிறுத்திவிட்டு, கண்ணாடி மூடியின் வளையத்திலிருந்து தேடலை மீண்டும் தொடங்க வேண்டும்.